செல்லுலோஸ்–கார்பன் நானோகுழாய் இழையால் உப்புக் கரைசலைச் சோதிக்க முடியுமா?

முடியும், ஆனால் இழை செய்வதில்தான் பாதி வேலை. தாவர நாரின் மூலப்பொருளான செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. 7% சோடியம் ஹைட்ராக்சைடும் 12% யூரியாவும் கலந்த நீரை −12 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால், மூலக்கூறுச் சங்கிலி நீளம் அதிகமில்லாத செல்லுலோஸ் சில நிமிடங்களில் கரைந்துவிடும். இதில் கலக்கும் கார்பன் நானோகுழாய்தான் தலைவலி, மின்சாரம் கடத்தும் இந்த மிக நுண்ணிய கார்பன் குழாய்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவியில் பிரிக்கலாம், அளவு மீறினால் குழாய்களே உடைந்துபோகும். அப்புறம் கலவையை ஊசிவழியே நீர்த்த கந்தக அமிலத்தில் பீய்ச்சினால் இழை உறையும். கழுவி, இழுத்துக் கட்டி உலர்த்துங்கள்.

சோதனை என்பது இழையின் மின்தடையை அளப்பதுதான். நனைந்ததும் செல்லுலோஸ் வீங்கும், குழாய்களின் தொடுகை விலகும், மின்தடை ஏறும். கரைசலின் அயனிகளும் மின்சாரத்தைக் கடத்துவதால் அளவீடு குழம்பும். அதனால் முதலில் தூய நீரில் அளந்து ஒப்பிடுங்கள். முனை இணைப்புகளை எப்பாக்சி பசையால் மூடுங்கள், குறைந்த மாறுதிசை (AC) மின்னழுத்தம் கொடுங்கள். சோடியமா பொட்டாசியமா என்பதை வெறும் இழை சொல்லாது. அதற்கு அயனியைத் தேர்ந்தெடுக்கும் பூச்சு வேண்டும்.