ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ என்றால் என்ன? எதை அமைக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்கு இடையே இன்னொரு கேபிளும் போடுகிறோம். இரண்டும் சேர்ந்து வளையமாகிவிடாமல், உபரி வழியை அடைத்து வைப்பதுதான் ஸ்பேனிங் ட்ரீ. 1985-இல் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை இது.

வளையம் ஏன் ஆபத்து? ஐபி பாக்கெட்டுக்கு ரூட்டருக்கு ரூட்டர் இத்தனை தாவல்தான் என்ற வரம்பு உண்டு. ஸ்விட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேம் என்ற தரவுத் துண்டுக்குக் கிடையாது. எது வந்தாலும் மற்ற இருவருக்கும் ஃபார்வர்டு செய்யும் மூன்று நண்பர்களிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி மாட்டினால் என்ன ஆகும்? அதேதான். சில நொடிகளில் நெட்வொர்க் மூச்சுத் திணறிவிடும்.

சரி, அமைப்பது எப்படி? ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒன்றை ரூட்டாக, அதாவது வழிகளைக் கணக்கிடும் மையப் புள்ளியாக, தேர்ந்தெடுக்கும். பிரயாரிட்டி எண் குறைந்தது வெல்லும். இயல்பாக எல்லாவற்றிலும் 32768 என்றே இருப்பதால், சிறிய மேக் முகவரி (வன்பொருள் எண்) உடையவர் ஜெயித்துவிடுவார்; அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பழைய ஸ்விட்ச்! ஆகவே மைய ஸ்விட்சுக்கு நீங்களே 4096 கொடுங்கள். கணினிகள் மட்டும் செருகும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட்டும் (காத்திருக்காமல் உடனே இயங்க) பிபிடியு கார்டும் (அங்கே யாராவது ஸ்விட்ச் செருகினால் போர்ட்டை மூட) போடுங்கள்.

கண்காணிக்க, சிஸ்கோவில் 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீடெயில்' போதும். டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், கடைசி மாற்றம் வந்த போர்ட்டின் பெயர் பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து தேடுங்கள்.

அப்புறம், 'பிளாக்கிங்' என்று காட்டும் போர்ட் பழுதானது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முதன்மை வழி அறுந்தால் அது தானே திறக்கும், பழைய முறையில் 30 முதல் 50 வினாடிகளில், ரேபிட் என்ற புதிய முறையில் பெரும்பாலும் அதைவிட மிக வேகமாக.