லேசர் கட்டர் மேசையில் ஷீட்களை நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா?

600 × 400 மி.மீ. ஷீட் வெட்டும் சி.ஓ.2 லேசர் கட்டருக்கு மேசை செய்யப் போவதாகவும், அடியில் ப்ளைவுட், அக்ரிலிக் ஷீட்களை எப்படி அடுக்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் எடுக்கச் சுலபம். அதைத் தவிர வேறு லாபமில்லை. 3 மி.மீ. ப்ளைவுட் சாய்ந்தபடியே நின்றால் நாளடைவில் வளைந்துவிடும். 50.8 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸில் கதிர் கூர்மையாக இருப்பது ஓரிரு மி.மீ. உயரத்துக்குத்தான். ஷீட்டின் நடுப்பகுதி 4 மி.மீ. மேலே எழும்பியிருந்தால், ஓரத்தில் சுத்தமாக அறுபடும் கோடு நடுவில் கருகி, அடிவரை இறங்காமல் நின்றுவிடும். உடனே வேகத்தைக் குறை, பவரைக் கூட்டு என்று மிஷினை நோண்ட ஆரம்பிப்போம். கோளாறோ அலமாரியில் இருக்கும்.

தட்டு தொய்ந்தாலும் இதே கதைதான். 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் இந்த அளவில் ஏறத்தாழ 850 கிராம். இருபது ஷீட் என்றால் 17 கிலோ. என் மேசையில் ஷீட்டின் குறுகிய பக்கம் முன்னால் வருமாறு அறைகளை அமைத்தேன். இரு பக்கமும் தாங்கிய தட்டின் இடைவெளி 600இலிருந்து 400 மி.மீ. ஆகக் குறையும்போது, அதே கனமுள்ள அடுக்குக்குத் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தடித்த பலகை வாங்குவதைவிட இது மலிவு. உயரமான ஒரே அறையைவிடத் தாழ்வான பல அறைகள் நல்லது. அடியிலிருக்கும் ஷீட்டை உருவுவதற்காக மேலிருப்பதையெல்லாம் இறக்குவது சலிப்பான வேலை.

மிச்சத் துண்டுகளுக்குத் தனி இழுப்பறை வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் என்ன பொருள் என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். காப்புத்தாள் உரிந்த பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லேசர் பட்டால் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அது நுரையீரலுக்கும் கேடு, மிஷினின் உலோகப் பாகங்களுக்கும் கேடு. பி.வி.சி.க்கு இந்த மேசையில் இடமே வேண்டாம்.

சட்டத்துக்குச் சதுர இரும்புக் குழாய் போதும். மிஷினின் கால்கள் மேசைக்காலுக்கு நேர் மேலே அமையட்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு கால்களும் சமமாக ஊன்றும்வரை திருகிச் சரிசெய்யுங்கள். மிஷின் முறுக்கிக்கொண்டு நின்றால், உள்ளே கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளின் நேர்க்கோடு விலகிவிடும். சக்கரம் நகர்த்துவதற்கு மட்டுமே. பூட்டுப் போட்ட சக்கரமும் அசையும். வேகமாகப் பொறிக்கும்போது எழுத்தின் விளிம்பு நெளிவதில் அது தெரியும்.

லேசர் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் தொட்டி எல்லா ஷீட்டுக்கும் கீழே, தரையோடு இருக்கட்டும். பின்புறம் புகைக்குழாய் மடங்காமல் வளைய இடம் விடுங்கள்.

மிஷினின் அடிப்பகுதி திறந்திருந்தால், மேசைப் பலகைமேல் இரும்புத் தகடு கட்டாயம். எரிந்து விழும் துணுக்குக்குக் கீழேதான் உங்கள் மரமெல்லாம் அடுக்கியிருக்கிறது. தீயணைப்பானை மேசையில் மாட்டாதீர்கள்; தீப்பிடித்தால் அதற்குள்ளேயே கையை நீட்ட வேண்டியிருக்கும். கதவருகே சுவரில் மாட்டுங்கள்.