சிறிய மீன்களைச் சுத்தம் செய்ய எந்த ஃபில்லட் கத்தி வாங்கலாம்?

"சின்னதாக ஒரே கத்தி, அதிலேயே எல்லா வேலையும் ஆக வேண்டும்" என்கிறீர்கள். அது மட்டும் நடக்காது. முள்ளை ஒட்டிச் சதையைப் பிரிக்கும் மெல்லிய ஃபில்லட் கத்தியால் தலையை வெட்டினால், முதல் நாளே கூர் மடங்கிவிடும். தலைக்கும் நடுமுள்ளுக்கும் கனமான கத்தி வேறு, செதில் எடுக்கச் சுரண்டி வேறு வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையுள்ள மீன்கள்தான் உங்களுக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு 15 செ.மீ. நீளமுள்ள கத்தி அலகு போதும். 20 செ.மீ. வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்று சிலர் சொல்வார்கள். பெரிய மீனுக்கு அது சரி. சிறு மீனில் முனை எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது, பித்தப்பை கிழிந்து சதையெல்லாம் கசப்பாகும்.

நீளத்தைவிட முக்கியம் வளைவு. முனையை மரப்பலகையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். இரண்டு மூன்று செ.மீ. வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். வளையாத அலகு முள்ளின் மேட்டிலேயே நிற்கும், பள்ளத்தில் உள்ள சதை முள்ளோடு போய்விடும். நாடா போலத் துவளும் அலகும் வேண்டாம். விலா முள்ளில் பட்டதும் திசை மாறிவிடும்.

கூர் சரியாக இருந்தும் சதை பிய்கிறது என்றால் வெட்டும் முறையைப் பாருங்கள். செவுளுக்கும் பக்கத்துடுப்புக்கும் பின்னால் சாய்வாக இறக்கி, நடுமுள் தட்டுப்பட்டதும் அலகை வால் பக்கம் படுக்க வைத்து, நீளமாக இழுங்கள். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. தோல் உரிக்கும்போது கத்தி கிட்டத்தட்ட அசையாமல் இருக்கட்டும். வால் பக்கத் தோலைப் பிடித்து, தோலைத்தான் இழுக்க வேண்டும்.

இரும்பு விஷயத்தில், எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 54 முதல் 58 வரை உள்ள துருப்பிடிக்காத எஃகு போதும். இந்தக் கடினத்தில் கூர் மழுங்கினாலும் 1000 எண் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 பாகை வைத்துத் தேய்த்தால் திரும்பிவிடும். அதற்கு மேல் கடினமான மெல்லிய அலகு முள்ளில் பட்டால் விளிம்பு சில்லு சில்லாக உடைந்துவிடும்.

வண்ணப் பூச்சு பூசி, "டைட்டானியம்" என்று எழுதி விற்கிறார்களே, அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. வெட்டுவது விளிம்பு. முதல் தடவை சாணை பிடித்ததுமே விளிம்பில் பூச்சு இருக்காது. அந்தப் பணத்துக்கு வழுக்காத சொரசொரப்பான பிடியும், விரல் அலகுக்கு நழுவாதபடி முன்னால் ஒரு தடுப்பும் உள்ள கத்தியை வாங்கலாம். மீன் கொழுப்பும் சளியும் பட்ட கைக்கு வழவழப்பான மரப்பிடி ஆபத்து.

துருப்பிடிக்காத எஃகும் உப்புநீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள். மீனைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தடுப்புக் கையுறை போடலாம். ஆனால் அலகு உராய்ந்தால்தான் அது காக்கும்; முனை நேராகக் குத்தினால் உள்ளே இறங்கிவிடும்.