ஜாமீன் கிடைத்த பிறகும் ஜெயில்

கேள்வி: என் அக்கா மகன் கட்டட வேலைக்குப் போகிறவன். வேலை செய்த இடத்தில் செம்புக் கம்பி திருடினான் என்று வழக்கு. ஜாமீன் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் வெளியே வரவில்லை. அதே மாதம் எங்கள் ஊரில் காரை ஏற்றி ஒருவரைக் கொன்ற பெரிய இடத்துப் பையன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். பணமும் செல்வாக்கும் இருப்பவர் பக்கம்தான் நீதி சாயும் என்றால் எதற்கு இந்தக் கோர்ட்டு, கச்சேரி எல்லாம்? (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்: சாய்கிறது. அதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் ‘எதற்கு இந்தக் கோர்ட்டு’ என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதைக் கடைசியில் போடலாம்.

முதலில் அந்தக் கார் விஷயம். போலீஸ்காரருக்குப் பணம் கொடுத்துத்தான் அந்தப் பையன் வெளியே வந்தான் என்று ஊரில் பேசியிருப்பார்கள். கொடுத்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமலே அவன் அன்று மாலை வீட்டுக்கு வந்திருக்க முடியும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது நம் சட்டத்தில் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆவது பிரிவு. தண்டனையை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். ஜாமீன் மட்டும் அப்படியே உரிமையாக நிற்கிறது, காவல் நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு போகலாம். சாதாரணத் திருட்டுக்கு, முதல் தடவையென்றால், அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுதான். ஆனால் பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம். நீதிபதி பார்த்து மனது வைத்தால்தான் உண்டு. ஓர் உயிர் போனதற்கு உரிமையாக ஜாமீன், கொஞ்சம் செம்புக் கம்பிக்குக் கெஞ்சி வாங்கும் ஜாமீன். எந்த அதிகாரியும் லஞ்சம் வாங்காத நாளிலும் இது இப்படித்தான் இருக்கும். யார் எந்தத் தப்பைச் செய்யக்கூடியவர் என்று நினைத்துக்கொண்டு சட்டம் எழுதினார்கள் என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

சரி, உங்கள் அக்கா மகனுக்கு வருவோம். ஜாமீன் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் ஏன் உள்ளே இருக்கிறான்?

சில வருடங்களுக்கு முன் வேறொரு வேலையாக ஒரு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஓர் அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்கு ஜாமீன் கிடைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. உத்தரவில் இரு நபர் ஜாமீன், அதாவது இரண்டு பேர் அவனுக்காகப் பொறுப்பேற்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். ஒரு நபர் அவருடைய தம்பி. அவருடைய ரேஷன் கார்டு, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது எல்லாம் பையில் இருந்தன. குமாஸ்தா ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது அப்பா பேர்ல இருக்கும்மா, அவர் இறந்துட்டார்னு சொல்றீங்க. இவர் பேருக்கு மாத்தி, விஏஓகிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க” என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது நபர் பக்கத்து வீட்டுக்காரர், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். மூன்று மணி வரை பொறுத்தார், அப்புறம் “அக்கா, நாளைக்கு வரமுடியாது, வெள்ளிக்கிழமை பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா ரசீதைத் திரும்ப நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஏற்கெனவே பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்பு கிழிந்துபோயிருந்தது.

அந்த வராந்தாவில் யாரும் கெட்டவர் இல்லை. நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார், குமாஸ்தா விதியைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரும் தன்னால் ஆனதைச் செய்தார். ஆனால் அந்தப் பையன் இருபதாவது நாளும் உள்ளே இருந்தான். சொந்தப் பெயரில் வீடும், பெயர் மாற்றிய ரசீதும், ஒருநாள் முழுக்க நிற்கக்கூடிய இரண்டு நண்பர்களும் இருக்கிறவன் அன்றே வெளியே வந்திருப்பான்.

இது புதிய விஷயமும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தார், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். கொத்தனார் திரும்ப உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜாமீன்தாரர் இல்லாமல், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஏழையிடம் அவனால் முடியாத ஜாமீன் கேட்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் அக்கா மகனும் கட்டட வேலைக்காரன்தான்.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நூற்றுக்கு எழுபத்தாறு பேர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாமலே உள்ளே இருந்தார்கள். பெரும்பாலானோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கைதான 60 நாளுக்குள், பெரிய குற்றமென்றால் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கட்டாயம். ஆனால் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனு போட்டாக வேண்டும். அறுபத்தோராவது நாள் காலையில் மனுவோடு நிற்க நல்ல வக்கீல் வைத்தவனுக்கு ஆள் இருக்கிறது. மற்றவன் அப்படியொரு நாள் வந்துபோனது தெரியாமலே உள்ளே இருப்பான். அறுபத்தைந்தாவது நாள் குற்றப்பத்திரிகை வந்தால் அந்த உரிமை போயே போய்விட்டது.

அதனால்தான் சொல்கிறேன், பணத்தால் தீர்ப்பை வாங்கும் கதைகள் நடக்கின்றன, நடந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அன்றாடம், எல்லா நீதிமன்றத்திலும், சட்டப்படியே பணம் விலைக்கு வாங்குவது தீர்ப்பை அல்ல, நாட்களை. தனக்கு வேண்டும்போது வழக்கை இழுக்கலாம், வேண்டும்போது சுருக்கலாம். கூலிக்காரனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் சம்பளம். பத்து வாய்தாவுக்கு அப்புறம் சாட்சி சொல்ல வந்தவரும் ‘எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவே விரும்புவார்.

பெரிய ஆட்களும் ஜெயிலுக்குப் போகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. போகிறார்கள். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் பதிவானது. தமிழ்நாட்டில் நியாயமாக நடக்காது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014 செப்டம்பரில் தண்டனை, 2015-இல் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. அதற்குள் அவர் இறந்துவிட்டார், மற்ற மூவர் சிறை சென்றார்கள். முதலமைச்சராக இருந்தவரையும் சட்டம் தொட்டது என்பது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். தண்டனை வருவதற்குப் பதினெட்டு ஆண்டு. தண்டனை வந்தபின் 21 நாளில் ஜாமீன். மேல்முறையீட்டை விசாரிக்க மூன்று மாதக் கெடு. பெயர் தெரியாத ஓர் ஆயுள் கைதியின் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதக் கெடு விதித்து நீங்கள் எங்காவது படித்திருக்கிறீர்களா?

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட விவசாயக் கூலிகளின் தெருவில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் நில உடைமையாளர்கள் சிலரைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இது: இவர்கள் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். யாரும் அங்கே காசு கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கார் வைத்திருந்ததே சாட்சியாக வந்து நின்றது. மனதில் இப்படி ஏற்கெனவே இருக்கும் மரியாதையை எந்த லஞ்ச ஒழிப்புத் துறையும் பிடிக்க முடியாது.

இப்போது நம் சண்டை. எதற்குக் கோர்ட்டு என்கிறீர்கள். கோர்ட்டு இல்லாத ஊரில் உங்கள் அக்கா மகன் விவகாரத்தை யார் தீர்ப்பார்கள்? அந்தக் கார்க்காரப் பையனின் அப்பா தலைமையில் உட்காரும் கட்டப்பஞ்சாயத்து. நீங்கள் வெறுத்து விலகினால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்ட மலையடிவாரக் கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். ஊர்க்காரர்களையே கைது செய்து உள்ளே போட்டார்கள். அதிகாரம் முழுக்க ஒரு பக்கம், மறுபக்கம் பணமும் செல்வாக்கும் இல்லாத மலைவாசிகள். அவர்கள் விடவில்லை, கூட நின்ற அமைப்புகளும் விடவில்லை. உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011-இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டு. அது நீதியா என்று கேட்டால் என்னால் முழுதாக ஆமென்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகும் வயதில் இழுத்துச் செல்லப்பட்ட பெண், தீர்ப்பு உறுதியானபோது நடுவயதை எட்டியிருந்தார். ஆனாலும் அத்தனை அரசு ஊழியர்களை அந்தப் பெண்கள் அடையாளம் காட்டிக் குற்றவாளிகளாக்கியது ஒரு நீதிமன்றத்தில்தான். வேறு எந்த வாசலிலும் அது நடந்திருக்காது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வழி இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்குள் கைதி வெளியே போகவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லையென்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. சிறையில் இருப்பவருக்கு அந்த ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உரிமை, வருமானச் சான்று கேட்கக் கூடாது. அவனுக்கு இது முதல் வழக்கு என்றால் இன்னொன்றும் உண்டு: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். போகும்போது ஜாமீன் உத்தரவின் நகலை எடுத்துப் போங்கள். ‘உத்தரவு வந்து இத்தனை நாள் ஆகிவிட்டது, இரு நபர் ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்த மனு போடுங்கள்’ என்று எழுதியே கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவையும் கூட்டிப்போங்கள். அவன் வெளியே வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்து நாளில் வரவில்லையென்றாலும் எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.