100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ஆபீஸ் போனில் குரல் உடைகிறதே?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறேன். இணையம் வழியாகப் பேசும் 14 ஐபி போன்கள், கிளவுட் பிபிஎக்ஸ் (இணையத்தில் இயங்கும் போன் இணைப்பகம்), 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். காலையில் நன்றாகப் பேச முடிகிறது. 11 மணிக்கு மேலும் சாயங்காலம் 4 மணிக்கு மேலும் எங்கள் குரல் எதிர்முனையில் விட்டு விட்டுக் கேட்கிறதாம். அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. லைனை 300 ஆக்கி, எல்லா போனையும் மாற்றச் சொல்லி ஒன்றே கால் லட்சத்துக்கு வெண்டர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கொட்டேஷன் டிராயரிலேயே இருக்கட்டும்.

முதலில் கணக்கு. குரலை டிஜிட்டலாக்கப் பரவலாகப் புழங்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குப் போக சுமார் 87 கேபிபிஎஸ், வர அதே அளவு. 100 என்றே வைத்துக்கொள்வோம். 14 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒன்றரை எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. போன்களுக்கு உங்கள் லைன் தாராளம்.

துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வருகிற குரல் தெளிவு, போகிற குரல் மட்டும் உடைகிறது என்றால் சந்தேகம் அப்லோட் பக்கம்தான். அந்த 11 மணிக்கும் 4 மணிக்கும் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? பையருக்குச் சாம்பிள் போட்டோக்கள் போகின்றனவா, சிசிடிவி வெளியே ஏறுகிறதா, கணக்கு பேக்கப் ஓடுகிறதா? பிளானில் 100 என்பது டவுன்லோடுக்கு மட்டும்தானா என்றும் பில்லைப் பாருங்கள்.

குரல், விநாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிவிநாடிப் பேச்சு. போட்டோ அரை விநாடி தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. குரல் பொட்டலம் தாமதித்தால் எதிர்முனை போன் அதைத் தூக்கிப் போட்டுவிடும். பெரிய ஃபைல் ஏறும்போது குரலின் கதி, துணி மூட்டை லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய டூவீலர் கதிதான்.

பரிசோதனைக்குச் செலவில்லை. ஒயரில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டர் முகவரிக்கும் இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். குரல் உடையும் நேரத்தில் ரவுட்டர் பதில் ஒன்றிரண்டு மில்லிவிநாடியிலேயே நின்று, வெளி பதில் மட்டும் 20-லிருந்து 300-க்கு எகிறினால் வெளியே போகிற வழியில் நெரிசல். ரவுட்டர் பதிலே தாறுமாறாக இருந்தால் கோளாறு உள்ளே: கேபிள் அல்லது சுவிட்ச். போன்களை வைஃபையில் ஓட்டுகிறீர்கள் என்றால், முதலில் அவற்றை ஒயருக்கு மாற்றுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இதே தொல்லைக்கு ரவுட்டரை இரண்டு தடவை மாற்றினார்கள். கடைசியில் பிடிபட்டது, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் யாருக்கும் தெரியாமல் ஓடிய ஆன்லைன் பேக்கப்!

நெரிசல்தான் என்று தெரிந்தால் பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். ரவுட்டரின் க்யூஓஎஸ் பகுதியில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூடவே, அப்லோட் வேகத்தை அளந்து அதில் 90 சதவீதத்தை உச்சவரம்பாக வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரம்பு இல்லையென்றால் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்காமல் இணைய நிறுவனத்தின் பெட்டியில் போய் நிற்கும். அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. இந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள், அது நியாயமான செலவு.

வெண்டர் மறுபடி வந்தால், பிபிஎக்ஸ் பக்கத்திலிருந்து அழைப்புவாரியான அறிக்கையைக் கேளுங்கள். பொட்டல இழப்பு 1 சதவீதத்தையும், ஜிட்டர் (பொட்டலங்கள் வந்துசேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவிநாடியையும் தாண்டினால் காதுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இந்த எண்களைக் காட்டாமல் போனை மாற்றச் சொல்பவர், பார்க்காமலே மருந்து எழுதுகிறார்.

கேள்வி: அம்பத்தூரில் சிறு பட்டறை. சொந்த ஐபி பிபிஎக்ஸ். போன மாதம் ரவுட்டர் மாற்றியதிலிருந்து, நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் எங்களுக்கு வருவதில்லை. சில அழைப்புகள் அரை நிமிடத்தில் கட் ஆகின்றன.

பதில்: ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள், 32 விநாடியாக இருக்கும். அழைப்பை எடுத்ததற்கான ஒப்புதல் செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால், இணைய அழைப்புகளை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் சிப் (SIP) விதிப்படி அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பை விட்டுவிடும்.

புது ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி ஓடிக்கொண்டிருக்கலாம். தபால்காரர் உறையைப் பிரித்து, உள்ளே கடிதத்தில் இருக்கும் விலாசத்தையும் திருத்துவது மாதிரியான வேலை அது. உதவியாகத்தான் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் கெடுக்கிறது. அதை அணைத்துவிட்டு ரவுட்டரையும் பிபிஎக்ஸையும் ஒருமுறை ஆஃப் செய்து போடுங்கள். சரியாகவில்லையா? இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் உங்கள் ரவுட்டரும் இரண்டுமே ரவுட்டர் வேலை பார்க்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லுங்கள்.

சிப் செய்திகள் வந்துபோகும் வாசல் 5060 என்ற போர்ட். யாராவது "5060 போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் சார், சரியாகிடும்" என்றால் கேட்காதீர்கள். திறந்த போர்ட்டும் எளிய பாஸ்வேர்டும் கிடைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் லைனில் வெளிநாட்டுக்கு அழைப்புகள் போகும், பில் உங்களுக்கு வரும். சிப் லைன் தருபவரின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் அவரிடம் சொல்லி மூடிவிடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஐபி போன் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஒன்றை மட்டும் முதலில் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு. பழைய நிறுவனத்தின் சேவைக்குப் பூட்டப்பட்ட போன் வெறும் பிளாஸ்டிக். அப்புறம், போன் வழியாகக் கம்ப்யூட்டரை இணைப்பதாக இருந்தால் போனில் இருக்கும் அந்த இணைப்புத் துளை (போர்ட்) 100 எம்பிபிஎஸ்ஸா ஜிகாபிட்டா என்று பாருங்கள். 100 என்றால் கம்ப்யூட்டரும் அதற்கு மேல் ஓடாது.

கேள்வி: வெண்டர் ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் 'நுகர்வோர்' கணக்கில் வரமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. தனியாளாகப் பட்டறை ஓட்டுபவர் முயன்று பார்க்கலாம். 14 போன் வைத்த ஏற்றுமதி நிறுவனத்துக்குக் கஷ்டம். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணம், குறை தீராவிட்டால் பொருள் திரும்ப.