சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்கும் குழந்தை: விளையாட்டால் புரியவைக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. மகனுக்குச் சளி பிடித்தால், “போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக்கையே கொடும்மா, சீக்கிரம் சரியாயிடும்” என்கிறான். எடுத்துச் சொன்னால் காதில் ஏறவில்லை. விளையாட்டு மூலம் கற்றுத்தரலாம் என்கிறார்கள். அது பலன் தருமா? எப்படிச் செய்வது? பயந்துபோய், நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்றும் கவலையாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: பலன் தரும். ஆனால் விளையாட்டின் விதிகள் சரியாக இருக்க வேண்டும். விதி தப்பானால் குழந்தை தப்பான பாடத்தைத்தான் படிக்கும், அதுவும் மறக்காதபடி படிக்கும்.

புரியவைக்க வேண்டியது இதுதான்: சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். தேவையில்லாமல் கொடுத்தால் அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் பெருகும். முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். “எதிர்ப்புச் சக்தி” என்றால் உடம்புக்கு நல்லது என்றுதான் பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். ‘பாக்டீரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது’ என்று சொன்னால் குழம்பிப்போவார்கள். ‘என் உடம்புதான் மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். மாறுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. எனவே வீட்டில் ‘மருந்துக்கு மசியாத பாக்டீரியா’ என்றே சொல்லுங்கள்.

மகளுக்குச் சீட்டு விளையாட்டு போதும். 15 சீட்டுகளில் நோயின் பெயரை எழுதி, பக்கத்தில் படம் வரையுங்கள். வைரஸ் கூடைக்கு ஆறு: சளி, ஃப்ளூ, தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்குவீங்கி, கை-கால்-வாய் நோய். பாக்டீரியா கூடைக்கு மூன்று: டைபாய்டு, கக்குவான் இருமல், சிறுநீர்த் தொற்று. மீதி ஆறு சீட்டுகள் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, காது வலி, வயிற்றுப்போக்கு, கண் சிவப்பு. இவை மூன்றாவது கூடைக்குப் போக வேண்டும். அதன் பெயர் ‘டாக்டர் பார்த்துச் சொல்லணும்’.

இந்த மூன்றாவது கூடைதான் விளையாட்டின் உயிர். பலர் இரண்டு கூடையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ‘காய்ச்சல் என்றால் பாக்டீரியா’ என்று குழந்தை முடிவு கட்டிவிடும். காய்ச்சல் இரண்டிலும் வரும். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, சில சமயம் பாக்டீரியாவால். மூக்குச் சளி பச்சையாக மாறினாலும் அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவை என்று சொல்ல முடியாது. ஏன் வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது என்று கேட்டால்: பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன, வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. 6 வயதுக்கு இது புரியும்.

மகனுக்குப் பொத்தான் விளையாட்டு. ஒரு தாளில் 20 கட்டம் போடுங்கள். அது நம் குடல். 18 வெள்ளைப் பொத்தான், 2 சிவப்புப் பொத்தான் வையுங்கள். வெள்ளை, மருந்துக்கு மசியும் பாக்டீரியா, சிவப்பு, மசியாதது. இவற்றில் பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை என்பதையும் சொல்லிவிடுங்கள். கூடுதலாக இரு நிறத்திலும் 20 பொத்தான்கள் கையிருப்பு வேண்டும்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டே வெள்ளை மிஞ்சும், மற்ற வெள்ளைகளை எடுத்துவிட வேண்டும். சிவப்பில் கை வைக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு பொத்தானும் இரண்டாகப் பெருகும், கட்டம் நிரம்பும்வரை. இடம் போதாதபோது வெள்ளைக்கு முதல் உரிமை, ஏனென்றால் மருந்தைத் தாங்கும் தன்மை பல பாக்டீரியாவுக்கு ஒரு சுமை, பெருகும் வேகத்தைக் குறைக்கும். விதிப்படி ஆடினால் முதல் முறை 12 வெள்ளை, 8 சிவப்பு வரும். உடனே இன்னொரு முறை கொடுத்தால் 4 வெள்ளை, 16 சிவப்பு. மகன் தானே எண்ணட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இதோடு 8 நோய்ச் சீட்டுகள்: 5 வைரஸ், 3 பாக்டீரியா. சீட்டை எடுத்தவர் ‘கொடு’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். வைரஸுக்கு ‘வேண்டாம்’ என்றால் 2 புள்ளி. ‘கொடு’ என்றால் புள்ளி இல்லை, பொத்தான்கள் மட்டும் மாறும். பாக்டீரியா நோய்க்கு ‘கொடு’ என்றால், எல்லாப் பொத்தானையும் பையில் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மருந்து வேலை செய்தது, 3 புள்ளி. சிவப்பு வந்தால் பூஜ்யம். அதன் பிறகு பொத்தான்களைக் கட்டத்தில் வைத்து, மருந்து கொடுத்தபோது செய்ததுபோலவே மாற்றுங்கள். சரியாகக் கொடுத்தாலும் அந்த விலை உண்டு. மருந்து கொடுக்காத ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிவப்பை வெள்ளையாக மாற்றலாம், ஆனால் சிவப்பு 2-க்குக் கீழே போகக் கூடாது. நிஜத்திலும் மருந்தை நிறுத்திய பின் மசியாதவை மாதக்கணக்கில் மெல்லத்தான் குறைகின்றன. நிஜத்தில் கணக்கு இவ்வளவு வேகமாக மாறாது என்பதையும் மகனிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே தாள்தான் இருக்க வேண்டும். அண்ணன் சளிக்குக் கொடுத்த மருந்தால் தங்கையின் நிமோனியாச் சீட்டில் சிவப்பு வரும்போது விஷயம் விளங்கும். ஒரு வீட்டில் இருப்பவர்களுக்குள் இந்தப் பாக்டீரியாக்கள் கை வழியாகப் பரவத்தான் செய்கின்றன. முதல் ஆட்டத்தில் இரண்டு வைரஸ் சீட்டுகளை மேலே வைத்தால் இது சீக்கிரம் தெரியும்.

உங்கள் பயத்துக்கும் பதில் அதே விளையாட்டில் இருக்கிறது. பாக்டீரியா நோய்க்கு ‘வேண்டாம்’ என்று சொன்னால் 3 புள்ளி இழப்பு என்று விதி வையுங்கள். மருந்தை ஒதுக்குபவன் ஜெயிக்கிற மாதிரி விளையாட்டு அமைந்தால்தான் நீங்கள் அஞ்சுவது நடக்கும்.

பல விளையாட்டுகளில் நான் ஏற்காத ஒன்று, ‘பாட்டிலைக் காலி செய்தால் வெற்றி’ என்ற விதி. பாதியில் நிறுத்தினால்தான் மசியாத பாக்டீரியா உருவாகும் என்று அது மனத்தில் பதிக்கிறது. தேவையில்லாமல் முழுதாகச் சாப்பிட்டாலும் உருவாகும். முன்பு 7 முதல் 10 நாள் மருந்து கொடுத்த சாதாரண நிமோனியாவுக்கு இன்று பல குழந்தைகளுக்கு 5 நாள் போதுகிறது. ‘டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை, சொன்ன நாள்’ என்று மாற்றிச் சொல்லுங்கள். நிஜமாகவே மருந்து சாப்பிடும் நாட்களில் மகன் வேளைக்கு ஒரு கட்டத்தை டிக் செய்யட்டும். மிச்ச சிரப்பை எடுத்துவைக்காதீர்கள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்பின் ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்தான், லேபிளைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மாத்திரைக்குப் பதிலாக மிட்டாயோ, காலி மருந்து பாட்டிலோ வைத்து விளையாடாதீர்கள், மருந்து தின்பண்டம் ஆகிவிடும். 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் பொத்தான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அட்டை வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள்.

கணினியில் ஆட விரும்பினால், 2009-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘இ-பக்’ (e-Bug) இருக்கிறது, கிருமிகள், ஆன்டிபயாடிக் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இணையதளம். இப்போது பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை நடத்துகிறது, இலவசம். எல்லாக் கிருமியும் அரக்கன், மருந்து சுட்டுத் தள்ளும் வீரன் என்று காட்டும் விளையாட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆடுவதற்கு முன் மகனிடம் மூன்று கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள்: சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யுமா? மருந்துக்கு மசியாமல் போவது உன் உடம்பா, பாக்டீரியாவா? போன தடவை மிச்சமான மருந்தைச் சாப்பிடலாமா? இரண்டு வாரம் கழித்து அதே மூன்றையும் கேளுங்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் இடறுவார்கள். அப்படி ஆனால் பொத்தான்களை மறுபடி எடுங்கள். சீட்டு என்ன சொன்னாலும், வேகமாக மூச்சு வாங்குவது, தண்ணீர் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, இவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.