அப்பாவின் கோபம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். தெருவில் யாருக்கு ஒன்று என்றாலும் முதல் ஆளாக ஓடுவார். 2019-இல் ஹைதராபாத்தில் ஒரு பெண் கால்நடை மருத்துவரைப் பலாத்காரம் செய்து கொன்றதாகப் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் என்கவுன்ட்டரில் சுட்டுக்கொன்ற செய்தி வந்த அன்று ஜிலேபி வாங்கி வீடுவீடாகக் கொடுத்தார். "இந்த நாட்டுக்குச் சர்வாதிகாரிதான் சரி" என்று இப்போது தினமும் சொல்கிறார். தாத்தா அவரைப் பெல்ட்டால் அடித்து வளர்த்தவர். அதனால்தான் இப்படியா? நான் எப்படிப் பேசுவது?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

கண்டிப்பான வீட்டில் அடிபட்டு வளர்ந்த பிள்ளை அதிகாரத்தின் காலைப் பிடிக்கும் என்று 1950-இல் ஜெர்மன் சிந்தனையாளர் அடோர்னோவும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அது முழு விடை என்று நான் நினைக்கவில்லை. அதே பெல்ட்டுக்குத் தப்பாத உங்கள் சித்தப்பாவோ அத்தையோ வேறு மாதிரி இருக்கக்கூடும். கடுமையான அதிகாரத்தை நாடும் அந்த மனப்பான்மை பலருக்குள் உறங்கிக் கிடக்கிறது, பொது ஒழுங்கு சிதைகிறது என்ற பயம் வரும்போது விழித்துக்கொள்கிறது என்கிறார் அரசியல் உளவியல் ஆய்வாளர் கேரன் ஸ்டென்னர். உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஆனால் ஜிலேபிக்குக் காரணம் கோபம். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1990-களின் இறுதியில் ஜெனிஃபர் லெர்னர், ஜூலி கோல்ட்பர்க், ஃபிலிப் டெட்லாக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் சில சோதனைகள் செய்தார்கள். ஒரு பையனை இன்னொருவன் அடிக்கும் காட்சியைக் காட்டினார்கள். பிறகு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு சிலரின் தவறுகளைச் சொல்லி, எவ்வளவு குற்றம், எவ்வளவு தண்டனை என்று கேட்டார்கள். அடித்தவன் தப்பிவிட்டான் என்று அறிந்தவர்கள் அந்தக் கோபத்தைச் சம்பந்தமில்லாத இவர்களின் தலையில் இறக்கினார்கள். அவன் தண்டிக்கப்பட்டான் என்று அறிந்தவர்களுக்கும் கோபம் இருந்தது, ஆனால் அது அடுத்தவர் மேல் பாயவில்லை.

இதைப் படித்தபோது நம் நீதிமன்ற வராந்தாக்கள்தான் நினைவுக்கு வந்தன. வாய்தா, மறுபடியும் வாய்தா. பத்து வருடம் அலைந்து வெறுங்கையோடு திரும்பும் பெண்கள். அந்தக் கணக்கெல்லாம் தீராமல் உங்கள் அப்பாவின் நெஞ்சில் சேர்ந்திருக்கிறது. அன்று காலை நான்கு பேரின் உடலில் அது தீர்ந்ததாக அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. போலீஸ் சொன்னதை நம்ப முடியாது, கொல்ல வேண்டும் என்றே சுட்டார்கள், பத்துப் போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. சுடப்பட்ட நால்வரில் மூவர் பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. குற்றத்தை அவர்கள்தான் செய்தார்களா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. இனி விசாரிக்கவும் முடியாது. கொல்லப்பட்ட அந்தப் பெண் மருத்துவருக்கும் இதில் நியாயம் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

எப்படிப் பேசுவது என்கிறீர்கள். அதே ஆய்வாளர்களின் முந்தைய சோதனையில், தீர்ப்புக்குப் பின்னால் ஒருவருக்கு நேரில் காரணம் விளக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் கோபத்தின் பிடி தளர்ந்தது. அதனால் அப்பாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "சர்வாதிகாரம் தப்பு" என்று பாடம் எடுத்தால் அவர் பயம் கூடும். அடுத்த செய்தி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கதான்ப்பா ஜட்ஜ். இவன்தான் செஞ்சான்னு எதை வெச்சு எழுதுவீங்க?" என்று கேளுங்கள். விலாசம் சரிபார்க்காமல் ஒரு தபாலையும் கொடுத்திருக்க மாட்டார் அவர். யோசிக்க நேரம் கொடுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.